காலி இடமெல்லாம் வண்டி நிறுத்தவா? – வாசகர் கேள்வி பதில்

ரயில், மெட்ரோ, பஸ் நிலையங்களை ஒட்டிச் சும்மா கிடக்கும் நகர்ப்புற நிலத்தை, வேலைக்குப் போய்வருகிறவர்கள் வண்டி நிறுத்தும் இடமாக மாற்றலாமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தோம். இரண்டு பக்கமும் காரசாரமான கடிதங்கள். பலரும் கேட்ட கேள்விகளுக்கு நகரமைப்பு, போக்குவரத்துப் பொறியியல் துறைகளைச் சேர்ந்த எங்கள் குழுவினர் பதில் தருகிறார்கள்.

எங்கள் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு ஏக்கர் இடம் வருடக்கணக்காக முள்ளும் குப்பையுமாகக் கிடக்கிறது. பார்க்கிங்காவது போட்டால் நாலு பேருக்கு உபயோகமாக இருக்குமே. எதிர்ப்பவர்கள் எதற்காக எதிர்க்கிறார்கள்?

"நாலு பேர்" என்பது எத்தனை பேர் என்று முதலில் கணக்குப் போட்டுவிடலாம். பாதிச் சண்டை அதிலேயே தீர்ந்துவிடும்.

ஒரு ஏக்கர் என்பது ஏறத்தாழ 4,050 சதுர மீட்டர். அதில் மரம், வடிகால், நடைபாதை, டிக்கெட் கூண்டு எல்லாவற்றுக்கும் 15 சதவீதம் ஒதுக்கினால் மிச்சம் சுமார் 3,440. ஒரு கார் நிற்க 2.5 மீட்டருக்கு 5 மீட்டர், அதாவது 12.5 சதுர மீட்டர் போதும். ஆனால் கார் பறந்து வந்து உட்காராது. நேராக 90 டிகிரியில் நிறுத்துவதென்றால் இரண்டு வரிசைக்கு நடுவில் 6 மீட்டர் பாதை வேண்டும். வரிசை முடிகிற இடத்தில் திரும்ப இடம் வேண்டும், நுழைவு, வெளியேறும் வழி வேண்டும். எல்லாம் சேர்த்தால் ஒரு காருக்கு 25 முதல் 30 சதுர மீட்டர் ஆகிவிடும். 28 என்று வைத்துக்கொண்டால் உங்கள் ஒரு ஏக்கரில் 120 கார் நிற்கும்.

கடைவீதிப் பார்க்கிங்கில் ஒரே இடத்தில் ஒரு நாளில் ஆறேழு கார் வந்து போகும். வேலைக்குப் போகிறவரின் கார் அப்படியில்லை. காலை எட்டரைக்கு நின்றால் மாலை ஆறரைக்குத்தான் நகரும். ஒரு இடம், ஒரு நாள், ஒரு கார். காருக்குச் சராசரி 1.2 பேர் என்று வைத்தால் 145 பேர். இரண்டு நெரிசல் நேர பஸ்களில் அடங்கிவிடுகிற கூட்டம்.

அதே நிலத்தில் டூவீலர் ஸ்டாண்ட் போட்டால், நடமாடும் வழியையும் சேர்த்து வண்டிக்கு 3 சதுர மீட்டர், 1,100 வண்டிகளுக்கு மேல் நிற்கும். சைக்கிளென்றால் 1.8 சதுர மீட்டர், 1,900. ஆக, "பார்க்கிங் வேண்டுமா வேண்டாமா" என்று கேட்டால் விவாதம் நகரவே நகராது. "எந்த வண்டிக்கு, எத்தனை பேருக்கு, எத்தனை வருடத்துக்கு" என்று கேளுங்கள். நிலைய வாசலிலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிற நிலத்தை நாள் முழுக்க அசையாமல் நிற்கும் கார்களுக்குக் கொடுப்பது வீண் என்பதே எங்கள் உறுதியான கருத்து. முள்ளும் குப்பையுமாக விட்டுவைப்பதும் சரியில்லைதான். ஆனால் குப்பையை அள்ளுவதற்குக் கார் பார்க்கிங் ஒரு முன்நிபந்தனை இல்லை.

"இங்கே பார்க்கிங் தேவை மிக அதிகம்" என்று ஒரு தரப்பு சொல்கிறது, "தேவையே இல்லை" என்று இன்னொரு தரப்பு. யார் சொல்வது சரி என்று நாங்களே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். ஆறு பேர், நோட்டு, பேனா, இரண்டு நாள் போதும்.

நிலையத்தைச் சுற்றி 500 மீட்டருக்குள் இருக்கும் தெருக்களை 50 மீட்டர் துண்டுகளாகப் பிரித்து எண் கொடுங்கள். செவ்வாய், புதன், வியாழனில் இரண்டு நாளைத் தேர்ந்தெடுங்கள். திங்கள், வெள்ளி, பண்டிகையை ஒட்டிய நாள், பள்ளி விடுமுறை ஆகியவற்றில் கணக்கு ஏறுமாறாக வரும். காலை 6 மணி தொடங்கி இரவு 9 வரை மணிக்கு ஒருமுறை ஒவ்வொரு துண்டிலும் நின்ற வண்டிகளின் பதிவெண்ணில் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் குறியுங்கள். கார், டூவீலர், ஆட்டோ, சரக்கு வண்டி என்று தனித்தனிப் பத்தி போடுங்கள்.

இதை வைத்துக்கொண்டு பிரிக்கலாம். காலை 6 மணிக்கே நிற்பவை அந்தத் தெருக்காரர்களுடையவை. 8 மணிக்கு வந்து ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஒரே எண் தொடர்ந்து தென்பட்டால் அது வேலைக்குப் போனவர் வண்டி, அல்லது பக்கத்துக் கடை, அலுவலக ஊழியருடையது. இரண்டு மணி நேரத்துக்குள் மறைபவை கடைக்கு வந்தவை. நிலையத்துக்காக என்று போடப்படும் பார்க்கிங்குக்கு நடுவில் சொன்ன வகை மட்டும்தான் கணக்கு. அதிலும் ஊழியர்களைக் கழிக்க வேண்டும். அதற்கு டிக்கெட் கேட் பக்கத்தில் நின்று, வருகிறவர்களிடம் இரண்டே கேள்வி கேளுங்கள்: எங்கிருந்து வருகிறீர்கள், எதில் வந்தீர்கள்?

இந்த இரண்டாவது வேலையைத்தான் பெரும்பாலானவர்கள் விட்டுவிடுகிறார்கள். கார், பைக்கில் வந்தவர்களில் எத்தனை பேர் இரண்டு கிலோமீட்டருக்குள்ளிருந்து வந்தார்கள் என்று பாருங்கள். அந்த எண்ணிக்கை கணிசமாக இருந்தால் உங்கள் ஊரில் குறைவது பார்க்கிங் அல்ல, நடக்கத் தகுந்த பாதை, இணைப்பு பஸ், பத்திரமான சைக்கிள் ஸ்டாண்ட். மூன்று, நான்கு கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து, பஸ்ஸே இல்லாத பகுதிகளிலிருந்து வருகிறவர்கள் அதிகமென்றால் வண்டி நிறுத்தத்துக்கு உண்மையிலேயே நியாயம் இருக்கிறது.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். "இருக்கிற பார்க்கிங் தினமும் நிரம்பி வழிகிறது" என்பது தேவைக்குச் சான்றாகாது. இலவசமாக எதைக் கொடுத்தாலும் நிரம்பும். கட்டணம் வைத்த பிறகும் நிரம்பினால்தான் அது தேவை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில் பணியாற்றிய நகரமைப்புப் பேராசிரியர் டொனால்ட் ஷூப் வாழ்நாள் முழுக்க வலியுறுத்தியது இதைத்தான். தெருவோரப் பார்க்கிங்கில் ஏறக்குறைய 85 சதவீதம் நிரம்பி, ஏழுக்கு ஒன்று காலியாக இருக்கும் அளவில் கட்டணத்தை ஏற்றி இறக்க வேண்டும் என்பது அவர் சொன்ன அளவுகோல். நிலையப் பார்க்கிங்குக்கும் இது பொருந்தும். இலவசமாக விட்டால் ஏழரைக்கே நிரம்பி, ஒன்பது மணி ரயிலுக்கு வருகிறவர் திரும்பிப் போவார்.

நிலையத்தில் கார் விட்டுவிட்டு ரயிலில் போனால் நகரத்துக்குள் நெரிசல் குறையாதா? வெளிநாடுகளில் இப்படித்தானே செய்கிறார்கள்?

செய்கிறார்கள். இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டில் 1973-லேயே ஊர் எல்லையில் கார் விட்டு பஸ் ஏறும் ஏற்பாடு வந்துவிட்டது. ஆனால் அங்கே இடம் எது என்று பாருங்கள்: ஊருக்கு வெளியே, நெரிசல் தொடங்குவதற்கு முன். கார் ஓட்டி வருகிறவர் நெரிசலில் சிக்கும் முன்பே இறங்கிவிட வேண்டும். ஊருக்கு நடுவிலிருக்கும் நிலையத்தில் கார் நிறுத்தம் போட்டால், எந்த நெரிசலைக் குறைக்க நினைத்தோமோ அதற்குள்ளேயே 120 காரைக் கூப்பிட்டதாகும்.

ஊர் எல்லையில் போட்டாலும் பலன் தானாக வந்துவிடாது. பிரிட்டனில் இந்த ஏற்பாடுகளை ஆராய்ந்த கிரஹாம் பார்க்ஹர்ஸ்ட் ஒரு சங்கடமான உண்மையைச் சுட்டிக்காட்டினார். பார்க்கிங்கில் நிற்கும் கார்கள் எல்லாமே நகரத்துக்குள் போயிருக்க வேண்டியவை அல்ல. முன்பு வீட்டு வாசலிலிருந்தே பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தவர்களும், வசதியாக இருக்கிறதே என்று கார் எடுக்கத் தொடங்குகிறார்கள். அப்போது கார் ஓடும் மொத்தத் தூரம் கூடவும் கூடும், அந்தக் கிளை பஸ்ஸில் கூட்டம் குறைந்து சேவையும் நசியும்.

பலன் தர வேண்டுமென்றால் மூன்று விஷயம் சேர்ந்து வர வேண்டும். பார்க்கிங் கட்டணமும் ரயில் கட்டணமும் சேர்ந்து, நகர மையத்தில் கார் நிறுத்தும் செலவைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ரயிலோ பஸ்ஸோ பத்து நிமிடத்துக்கு ஒன்றாவது வர வேண்டும். மூன்றாவதுதான் யாரும் தொடத் தயங்குவது: புதிதாக எத்தனை இடம் சேர்க்கிறோமோ அத்தனை இடத்தைத் தெருவோரத்தில் எடுத்துவிட வேண்டும். சுவிட்சர்லாந்தின் சூரிக் 1996-இல் இப்படியொரு சமரசத்துக்கு வந்தது. நகர மையத்தின் மொத்தப் பார்க்கிங் எண்ணிக்கை உயரக் கூடாது, கட்டடத்துக்குள் ஒன்று சேர்ந்தால் தெருவில் ஒன்று போக வேண்டும் என்பது அதன் சாரம். அப்படி மீட்ட தெருவோரம் நடைபாதைக்கும் சைக்கிளுக்கும் கிடைத்தது. இந்த நிபந்தனை இல்லாமல் பார்க்கிங் திறந்தால், பக்கத்துத் தெருவில் காசில்லாமல் விட்டுவிட்டு, காசு கொடுக்கும் இடத்தைக் காலியாகவே வைத்திருப்பார்கள்.

வயதானவர்கள், மூட்டுவலிக்காரர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் எல்லாரையும் நடக்கச் சொல்கிறீர்களா?

இல்லவே இல்லை. அவர்களுக்காகத்தான் வாசலை ஒட்டிய இடம் இருக்க வேண்டும், ஆனால் அதை இறக்கிவிடும் இடமாக அமைக்க வேண்டும். ஒரு வண்டி சராசரி இரண்டு நிமிடம் நின்று ஆளை இறக்கிவிட்டுப் போனால், ஒரே இடத்தில் மணிக்கு 20, 25 வண்டி வந்து போகலாம். அதே இடத்தில் நாள் பார்க்கிங் விட்டால் ஒரே ஒரு கார். ஆறு இடம் அப்படி ஒதுக்கி, மூன்று நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பதை ஆள் போட்டுக் கண்காணித்தால், முதியவர்களுக்கு 120 கார் பார்க்கிங்கைவிட அதிக நன்மை கிடைக்கும்.

மாற்றுத்திறனாளிகள் தாங்களே ஓட்டிவரும் வண்டிக்கு நிரந்தர இடம் கட்டாயம் வேண்டும். அகலம் 3.6 மீட்டர், அப்போதுதான் கதவை முழுக்கத் திறந்து சக்கர நாற்காலியை இறக்க முடியும். தரையின் வாட்டம் எந்தப் பக்கமும் 50-க்கு 1-ஐத் தாண்டக் கூடாது, தாண்டினால் நாற்காலி உருண்டுவிடும். அங்கிருந்து லிஃப்ட் வரை ஒரு படிகூடக் குறுக்கே வரக் கூடாது. வரைபடத்தில் சரியாக இருந்துவிட்டு, கடைசியில் வடிகால் மூடி இரண்டு அங்குலம் மேலே துருத்திக்கொண்டு நிற்பதை அடிக்கடி பார்க்கிறோம். திறப்பதற்கு முன் உண்மையான சக்கர நாற்காலியைத் தள்ளிப் பார்த்துவிடுங்கள்.

இயந்திர அடுக்குப் பார்க்கிங் போட்டால் இதே இடத்தில் மூன்று மடங்கு கார் நிறுத்தலாம் என்கிறார்களே?

நிறுத்தலாம், ஆனால் மாலையில் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். லிஃப்ட் போய் ஒரு காரை எடுத்துவந்து இறக்கிவிட்டு அடுத்ததற்குத் தயாராக இரண்டு நிமிடமாவது ஆகும். இரண்டு லிஃப்ட் இருந்தால் மணிக்கு 60 கார். கடைவீதிக்கு இது போதும், ஏனென்றால் அங்கே வருவதும் போவதும் நாள் முழுக்கப் பரவியிருக்கும். நிலையத்தில் மாலை ஆறரை ரயில் வந்து நின்றதும் 40 பேர் ஒரே நேரத்தில் டோக்கனை நீட்டுவார்கள். கடைசி ஆளுக்குக் கார் கிடைக்க 40 நிமிடம். அதற்குள் அடுத்த ரயில் வந்து இன்னொரு 40 பேர். ஒரு லிஃப்ட் பழுதானால் காத்திருப்பு இரட்டிப்பாகும். உயரமான எஸ்யுவிகளுக்குப் பல அமைப்புகளில் கீழ்த்தளத்தில் மட்டும்தான் இடம் உண்டு. ஒரே நேரத்தில் வந்து ஒரே நேரத்தில் போகும் கூட்டத்துக்கு இயந்திர அடுக்கு ஒத்துவராது.

சாய்தளம் வைத்த சாதாரண அடுக்குமாடிப் பார்க்கிங்கில் இந்தச் சிக்கல் குறைவு. ஆனால் தூண், சாய்தளம் எல்லாம் சேர்ந்து காருக்கு 30 முதல் 35 சதுர மீட்டர் பிடிக்கும். தரைத்தளப் பார்க்கிங்கைவிடப் பல மடங்கு செலவாகும்.

திறந்தவெளிப் பார்க்கிங் போட்டால் மழைக்காலத்தில் எங்கள் தெருவுக்குள் தண்ணீர் வருமா? "தண்ணீர் உறிஞ்சும் பேவர் பிளாக்" போடுவதாக ஒப்பந்ததாரர் சொல்கிறார். நம்பலாமா?

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 4,000 சதுர மீட்டரில் 50 மில்லிமீட்டர் பெய்தால் 2 லட்சம் லிட்டர். தார் போட்ட தரை இதில் 90 சதவீதத்தை வெளியே தள்ளிவிடும். 10,000 லிட்டர் டேங்கர் லாரிகள் 18 வரிசையாக வந்து உங்கள் தெருமுனையில் கொட்டுவது போல வைத்துக்கொள்ளுங்கள். இப்போது புதர் மண்டிக் கிடக்கும் மண் அதில் பெரும்பகுதியை உள்ளேயே வைத்துக்கொள்கிறது. ஆகவே உங்கள் பயம் நியாயமானதுதான்.

உறிஞ்சும் தரை வேலை செய்யும், சரியாகப் போட்டால். மேலே தெரிகிற கல்லைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள், எல்லாம் அடியில் இருக்கிறது. மண்ணை வெட்டி மட்டப்படுத்தியதும், மண் மேலேறாமல் தண்ணீரை மட்டும் விடும் ஜியோடெக்ஸ்டைல் துணி விரிக்க வேண்டும். அதன்மேல் 250 மில்லிமீட்டருக்கு, தூசி துளியும் இல்லாமல் கழுவிய 20 முதல் 40 மில்லிமீட்டர் ஜல்லி. இந்த ஜல்லிக்கு நடுவில் 40 சதவீதம் வெற்றிடம் இருப்பதால், 250 மில்லிமீட்டர் கனம் 100 மில்லிமீட்டர் மழையைத் தேக்கிவைக்கும். அதன்மேல் 40 முதல் 50 மில்லிமீட்டருக்குச் சின்ன சிப்ஸ் ஜல்லி, அதன்மேல் பிளாக். பிளாக்குகளுக்கு நடுவில் 6 முதல் 10 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு அதிலும் சிப்ஸ்தான் நிரப்ப வேண்டும்.

கெட்டுப்போவது பெரும்பாலும் இந்த மேல்பகுதியில்தான். வழக்கமான பேவர் பிளாக்கைக் குவாரித் தூள்மேல் அடுக்கி, இடைவெளியில் மணலைப் பெருக்கிவிட்டு, அதையே "உறிஞ்சும் தரை" என்று பில் போடுவார்கள். மணலும் தூளும் ஓரிரு மழையில் இறுகிவிடும், பிறகு தாருக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. வேலை நடக்கும்போதே போய், குவித்திருக்கும் ஜல்லியில் ஒரு கைப்பிடி எடுத்து ஒரு வாளித் தண்ணீரில் போடுங்கள். தண்ணீர் கலங்கினால் அந்த லோடைத் திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். முடிந்த பிறகு ஒரு வாளித் தண்ணீரை ஒரே இடத்தில் ஊற்றினால் ஓடாமல் அங்கேயே இறங்க வேண்டும்.

களிமண் நிலமென்றால் தண்ணீர் கீழே இறங்க நாளாகும். அதற்கு ஜல்லியின் அடியில் துளைக்குழாய் போட்டு மெதுவாக வடிகாலில் விட வேண்டும். மழைக்காலத்தில் நிலத்தடி நீர் மேலேறி ஜல்லியைத் தொடுகிற இடத்தில் இந்த முறையே வேண்டாம், இரண்டுக்கும் நடுவில் ஒரு மீட்டராவது வேண்டும். கட்டட அஸ்திவாரத்துக்கு 3 மீட்டர் தள்ளிப் போடுங்கள். பக்கத்து மண்மேட்டிலிருந்து சேறு வழிந்து வராதபடி கரைக்கல் வையுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை உறிஞ்சி இயந்திரத்தால் கூட்டி, அடைபட்ட சிப்ஸை மேலே 20 மில்லிமீட்டருக்குச் சுரண்டி எடுத்துப் புதிதாக நிரப்ப வேண்டும். பராமரிப்பு ஒப்பந்தம் இல்லாத உறிஞ்சும் தரைக்குக் கையெழுத்துப் போடாதீர்கள்.

வண்டிகள் ஓடும் பாதையைத் தாரிலேயே போட்டு, நிற்கும் இடத்தை மட்டும் உறிஞ்சும் தரையாக்குவது நடைமுறைக்கு ஏற்றது. சக்கரங்கள் திரும்புகிற இடத்தில்தான் பிளாக்குகள் பெயரும். தார்ப் பாதையின் வாட்டத்தை 100-க்கு 1 முதல் 2 என்று வைத்து நிற்கும் வரிசையின் பக்கம் திருப்பிவிடுங்கள்.

மரத்தை மறக்கக் கூடாது. ஐந்தாறு காருக்கு ஒரு மரம், குழியின் அகலம் ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல், குழியின் மண்மட்டம் தரையைவிட இரண்டு, மூன்று அங்குலம் கீழே. அப்போது மழைநீர் தானாக மரத்துக்குப் போகும். குழியை மேடாகக் கட்டிச் சுற்றிலும் சுவர் வைத்தால், பக்கத்தில் தண்ணீர் ஓடும், மரம் காயும். காரின் முன்பகுதி சக்கரத்தைத் தாண்டி நீட்டிக்கொண்டிருக்கும் என்பதால், சக்கரத் தடுப்பைக் குழி விளிம்பிலிருந்து 75 சென்டிமீட்டர் தள்ளிப் பதியுங்கள். இல்லையென்றால் ஒரு வருடத்துக்குள் எல்லா மரத்தின் பட்டையும் உரிந்திருக்கும்.

அந்த இடத்தில் முன்பு பெட்ரோல் பங்க் இருந்தது. அதனால் ஏதாவது பாதிப்பு உண்டா?

உண்டு. மண் பரிசோதனை முடியும் வரை எதுவும் தொடங்கக் கூடாது. பங்க், பேட்டரிப் பட்டறை, சாயப்பட்டறை இருந்த இடங்களில் மண்ணில் எரிபொருளோ ஈயமோ ரசாயனமோ தங்கியிருக்கலாம். மேலே சொன்ன உறிஞ்சும் தரையை அங்கே போட்டால் மழைநீர் அதைக் கழுவி நிலத்தடி நீரில் சேர்த்துவிடும். அப்படிப்பட்ட நிலத்தைத் தண்ணீர் புகாமல் மூடுவதுதான் சரி, அதற்குத் தார் போட்ட பார்க்கிங் உண்மையிலேயே பொருத்தமான பயன்பாடு. வீட்டுக்கோ விளையாட்டுத் திடலுக்கோ கொடுக்க முடியாத நிலத்தைப் பார்க்கிங்குக்குக் கொடுப்பதில் எங்களுக்கு ஆட்சேபமே இல்லை. பழைய குப்பைமேடு என்றால் தரை சீரில்லாமல் அமிழும், மீத்தேன் வாயுவும் வெளிவரும், மூடிய கூண்டு எதுவும் அதன்மேல் கட்டாதீர்கள்.

பார்க்கிங்குக்குப் பதில் வீடு கட்டலாம் என்கிறீர்களா? கணக்கு ஒத்துவருமா?

நிலப்பரப்பைப் போல ஒன்றரை மடங்கு கட்ட அனுமதி என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஏக்கரில் 6,000 சதுர மீட்டர் கட்டலாம். படி, லிஃப்ட், தாழ்வாரத்துக்குக் கால்பங்கு போனால் 65 சதுர மீட்டர் வீடுகள் 70 வரும். 200 பேருக்கு மேல் குடியிருக்கலாம். அவர்களில் தினமும் ரயில் ஏறுகிறவர்கள் நூறு பேர் என்றால், கார் பார்க்கிங் கொண்டுவரும் 145 பேரைவிடக் குறைவு. இதை மறைக்க வேண்டியதில்லை. இரண்டேகால் மடங்காவது கட்ட அனுமதித்தால்தான் பார்க்கிங்கை மிஞ்சும். ஆனால் அந்த நூறு பேரும் நடந்தே வருவார்கள், ஞாயிற்றுக்கிழமையும் இரவு பத்து மணிக்கும் ரயிலில் போவார்கள், கீழ்த்தளக் கடைகளுக்கு வாடிக்கையாளர்களாக இருப்பார்கள். தாழ்வான கட்டடம் மட்டுமே அனுமதிக்கப்படும் இடத்தில் டூவீலர், சைக்கிள் ஸ்டாண்டும் இணைப்பு பஸ் நிற்குமிடமும் போடுவது நல்லது. உயரமாகக் கட்ட முடிந்த இடத்தில் வீடும், அதன் தரைத்தளத்தில் ஸ்டாண்டும்.

"கட்டடம் வரும் வரை தற்காலிகமாக மட்டும்" என்கிறார்கள். தற்காலிகம் என்பது நிரந்தரமாகிவிடாதா?

பெரும்பாலும் ஆகிவிடுகிறது. ஒரு வருடம் கார் விட்டுப் பழகியவர்கள் அதைத் தங்கள் உரிமையாக நினைக்கத் தொடங்குவார்கள். அது மனித இயல்பு. அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியில் 'பார்ட்' ரயில் நிலையங்களைச் சுற்றியிருந்த பெரிய பார்க்கிங் நிலங்களில் வீடு கட்ட, உள்ளூர்க் கட்டுப்பாடுகளைத் தாண்டி வழிசெய்ய 2018-இல் கலிபோர்னியா மாநிலம் தனிச் சட்டமே போட வேண்டியிருந்தது.

ஆகவே முதல் நாளிலேயே எழுத்தில் பூட்டுப் போடுங்கள். முடிவுத் தேதியை ஒப்பந்தத்திலும் நுழைவாயில் பலகையிலும் ஒரே மாதிரி எழுத வேண்டும். குத்தகைதாரர் தேதியைத் தாண்டினால் நாள்வாரி அபராதம், அது முன்பணத்திலிருந்து கழியும் என்று இருக்க வேண்டும். மாதப் பாஸ் ஒவ்வொன்றிலும் அந்தத் தேதி அச்சாக வேண்டும். வருடாந்திரப் பாஸ் விற்கவே கூடாது. தரையைக் கான்கிரீட் போடாமல், கெட்டிப்படுத்திய கிராவல் அல்லது கழற்றி எடுக்கக்கூடிய பிளாஸ்டிக் கட்டமாகவே விட வேண்டும். விளக்குக் கம்பத்தைத் தோண்டிப் புதைக்காமல் கனமான கான்கிரீட் பாதத்தின்மேல் நிறுத்தலாம்.

சூரிய மின்தகட்டுக் கூரையைப் பற்றியும் சிலர் கேட்டிருந்தீர்கள். பிரான்சில் 1,500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பெரிய திறந்தவெளிப் பார்க்கிங்குகளில் குறைந்தது பாதிக்காவது கூரைத்தகடு போடவேண்டும் என்று 2023-இல் சட்டம் வந்தது. ஒரு கார் இடத்துக்கு 2 கிலோவாட்டுக்கு மேல் போடலாம், நிழலும் கிடைக்கும். நிரந்தரப் பார்க்கிங் என்று முடிவான இடத்துக்கு இது அருமையான யோசனை. தற்காலிகம் என்று சொல்லிவிட்டுக் கூரை போட்டால் நம்பாதீர்கள், அந்தத் தகடுகள் 25 வருட முதலீடு.

மின்சார வண்டி சார்ஜர் எத்தனை வைக்கலாம்?

வேகமான சார்ஜர் வேண்டவே வேண்டாம். கார் எட்டு மணி நேரம் நிற்கப்போகிறது. 3.3 கிலோவாட் மெதுவான சார்ஜரே அதற்குள் 26 யூனிட் ஏற்றிவிடும், தினசரிப் பயணத்துக்கு அது தாராளம். இப்போதைக்குப் பத்தில் ஒரு இடத்துக்கு வைத்து, மற்ற வரிசைகளுக்கு மின்கம்பி போவதற்கான வெறும் குழாயை மட்டும் தரைக்கடியில் பதித்துவிடுங்கள். பிறகு தரையைத் தோண்டுவதுதான் பெரிய செலவு.

கடைசி ரயிலில் வந்து இறங்கும் பெண்கள் அந்த இடத்துக்குத் தனியாகப் போக வேண்டியிருக்குமே?

இதற்குப் பதில் இல்லாத திட்டத்தை ஏற்காதீர்கள். கேமரா மட்டும் போதாது, அது நடந்து முடிந்ததைத்தான் காட்டும். கடைசி ரயில் போய் அரைமணி நேரம் வரை ஆள் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்தில் எழுதுங்கள். சுற்றுச்சுவருக்குப் பதில், தெருவிலிருந்து உள்ளே தெரிகிற கம்பி வேலி போடுங்கள். விளக்கு வெளிச்சம் சராசரி 20 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) இருக்கட்டும், எந்த மூலையிலும் 5-க்குக் கீழே போகக் கூடாது. சராசரி நன்றாக இருந்து, இரண்டு கம்பங்களுக்கு நடுவில் இருட்டுத் திட்டு விழுவதுதான் வழக்கமான குறை. மரக்கிளைக்கு மேலே விளக்கு மாட்டினால் வெளிச்சம் இலைகளுக்கு மட்டும்தான். கம்பம் 5, 6 மீட்டரில் கிளைக்குக் கீழே இருக்க வேண்டும். பெண்களின் டூவீலர் வரிசையை வாசலுக்கு மிக அருகில் வையுங்கள்.

காலையில் உள்ளே நுழையச் சாலை வரை வரிசை நிற்கிறது. மாலையில் வெளியே வர அதைவிட மோசம். எங்கே தவறு?

டிக்கெட் கூண்டு சாலையோரத்திலேயே இருக்கும், பாருங்கள். அதை 18 மீட்டர் உள்ளே தள்ளினால் மூன்று கார் வளாகத்துக்குள்ளேயே காத்திருக்கலாம். காசு வாங்கிச் சில்லறை கொடுக்க ஒரு வண்டிக்கு 20 விநாடி ஆகிறது. மாலையில் ரயிலிலிருந்து 40 பேர் ஒன்றாக வந்தால் கடைசி ஆள் வெளியேற 13 நிமிடம். வெளியேறும் வழியில் காசு வாங்காதீர்கள். நுழையும்போதே முழுநாள் கட்டணத்தை வாங்கிவிட்டு, இல்லையென்றால் மாதப் பாஸ் கொடுத்துவிட்டு, மாலையில் கேட்டைத் திறந்தே வையுங்கள், சீட்டைக் காட்டிப் போக ஐந்து விநாடி போதும்.

எங்கள் டூவீலர் ஸ்டாண்டில் மதியத்துக்குமேல் வண்டிகள் வரிசையாகச் சாய்ந்து விழுகின்றன. என்ன செய்வது?

தார் போட்ட தரையாக இருக்கும். வெயிலில் தார் இளகி சைடு ஸ்டாண்ட் உள்ளே இறங்குகிறது, ஒன்று சாய்ந்தால் பக்கத்தில் இருப்பதையும் தள்ளிவிடுகிறது. தரை முழுவதையும் மாற்ற வேண்டாம். சைடு ஸ்டாண்ட் இடது பக்கம் இருக்கும் என்பதால், வண்டி நிற்கும் கோட்டின் இடது ஓரமாக 40 சென்டிமீட்டர் அகலத்துக்குக் கான்கிரீட் பட்டை போட்டால் போதும். வண்டிக்கு ஒரு மீட்டர் அகலம் கோடு போட்டுப் பிரித்து, எட்டு வண்டிக்கு ஒரு இரும்புக் குழாய்த் தடுப்பு நட்டுவிடுங்கள். ஒன்று விழுந்தாலும் எட்டோடு நிற்கும். அந்தக் குழாயிலேயே வளையம் வைத்து வெல்டிங் செய்தால் ஹெல்மெட்டைப் பூட்டி வைக்கலாம்.